9 முடிச்சும் 31 முடிச்சும்: பெருங்குடல் அறுவைக்குப் பின் வந்த ரிப்போர்ட்டைப் பற்றி

கேள்வி: டர்பன் ஃபீனிக்ஸில் வசிக்கும் என் அண்ணனுக்கு வயது 63. சர்க்கரை நோயும் உடல் பருமனும் உண்டு. மூன்று வாரங்களுக்கு முன் வயிறு ஊதி, வாந்தி நிற்காமல் போகவே, இரவோடு இரவாக அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். இடப்பக்கப் பெருங்குடலைக் கட்டி அடைத்துவிட்டது என்று சொல்லி அன்றிரவே அறுவை செய்து, வயிற்றில் மலப்பை வைத்து அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் "டி3, என்0, பரிசோதித்த நிணநீர் முடிச்சுகள் 9, எதிலும் புற்றுநோய் இல்லை" என்று இருக்கிறது. ஆன்காலஜி டாக்டரோ, 12 முடிச்சுகளாவது பார்த்திருக்க வேண்டும், குறைவாக இருப்பதால் கீமோ கொடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்கிறார். எங்கள் சித்தப்பா மகனுக்கு 44 வயது. போன ஆண்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் வலப்பக்கக் குடலில் இதே புற்றுநோய்க்கு அறுவை நடந்தது. அவனுக்கு 31 முடிச்சுகள் எடுத்தார்களாம். காசு இருந்தால் 31, இல்லாவிட்டால் 9 என்றுதானே ஆகிறது? மீதியை எடுக்க மறுபடியும் வயிற்றைத் திறக்கலாமா? மார்பகப் புற்றுநோய்க்கு முடிச்சுகளை எடுத்த பிறகு என் நாத்தனாருக்குக் கை வீங்கிவிட்டது. அண்ணனுக்கும் கால் வீங்குமா?
(ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா)

பதில்: சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை சுருக்கமானது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கால் வீங்காது. நிணநீரை வடிகட்டும் சிறு உருண்டைகள்தான் இந்த முடிச்சுகள். அக்குளில் உள்ளவை கையிலிருந்து வரும் நிணநீருக்கு வழி என்பதால், அவற்றை எடுக்கும்போது சிலருக்குக் கை வீங்குகிறது. பெருங்குடலை ஒட்டிய முடிச்சுகளுக்குக் குடலிலிருந்து மட்டுமே நிணநீர் வருகிறது. காலுக்கும் அவற்றுக்கும் தொடர்பு இல்லை. அண்ணனுக்கு ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் அது வேறு விஷயம். புற்றுநோய் அறுவைக்குப் பின் காலின் ஆழமான இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையக்கூடும். அப்படி வீங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மறு அறுவை வேண்டாம். எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் மறுபடி வயிற்றைத் திறப்பது எங்கும் நடைமுறையில் இல்லை. ஆறிவரும் தழும்புக்குள் சிறு முடிச்சுகளைத் தேடுவது கடினம். 63 வயதுச் சர்க்கரை நோயாளிக்கு அதனால் வரும் ஆபத்து கிடைக்கும் பயனைவிடப் பெரியது. ஆனால் இந்த வாரத்திலேயே செய்ய வேண்டிய வேறொரு காரியம் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

நான் அறுவை செய்யும் மருத்துவர் அல்ல. அறுவையில் எடுத்ததை மேசையில் வைத்து ஆராயும் பத்தாலஜிஸ்ட். உங்கள் கடிதத்தில் நான் முதலில் திருத்த விரும்புவது "31 முடிச்சுகள் எடுத்தார்கள்" என்ற வாக்கியத்தை. அறுவை மேசையில் யாரும் முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பதில்லை. கட்டி இருக்கும் குடல் பகுதியையும், அதற்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்களையும், அவற்றைச் சுற்றியுள்ள கொழுப்புத் திரையையும் ஒரே துண்டாக வெட்டி எடுக்கிறார்கள். முடிச்சுகள் அந்தக் கொழுப்புக்குள் புதைந்திருக்கின்றன. அறுவை முடிந்த நிமிடத்தில் அந்தத் துண்டில் எத்தனை முடிச்சுகள் இருக்கின்றன என்பது அறுவை செய்தவருக்கே தெரியாது. ரிப்போர்ட்டில் வரும் எண், பிறகு ஆய்வகத்தில் ஒருவர் தேடிக் கண்டெடுத்த முடிச்சுகளின் எண். ஆக உங்கள் அண்ணனின் 9 என்பதில் அவர் உடல், கட்டியின் குணம், கத்தி பிடித்த கை, தேடிய கை ஆகிய நான்குக்கும் பங்கு உண்டு. இவற்றில் எது எவ்வளவு என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது.

தேடல் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். குடல் துண்டு, திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலின் நிரம்பிய வாளியில் வருகிறது. நீளவாக்கில் திறந்து, பலகையில் ஊசி குத்தி விரித்து, மறுபடியும் ஃபார்மலினில் ஓர் இரவாவது ஊறவிடுகிறோம். ஊறாத கொழுப்பு வழுக்கும், அதில் எதையும் பிரித்தறிய முடியாது. பிறகு குடலின் நீளம், கட்டியின் அளவு, வெட்டிய விளிம்புகளுக்கும் கட்டிக்கும் உள்ள தூரம் ஆகியவற்றை அளந்து எழுதிவிட்டு, கொழுப்பை மெல்லிய சீவல்களாக அரிந்து, ஒவ்வொரு சீவலையும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து நசுக்கிப் பார்க்கிறோம். மஞ்சள் கொழுப்புக்குள் முடிச்சு சற்றுக் கெட்டியாக, சாம்பல் கலந்த வெளிறிய நிறத்தில் தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியும் பெரிய முடிச்சுகளை எவரும் எடுத்துவிடுவார்கள். சிக்கல் மிளகைவிடச் சிறியவற்றில்தான். புற்றுநோய் பரவிய முடிச்சுகளில் கணிசமானவை 5 மில்லிமீட்டருக்கும் குறைந்த அளவுள்ளவை. பெரிய முடிச்சில்தான் நோய் இருக்கும், சிறியதை விட்டுவிட்டால் பாதகமில்லை என்று நினைப்பது தவறு. பருமனான உடலிலிருந்து வந்த கொழுப்புத் திரை தடிமனாக இருக்கும். அதில் ஒரு மணி நேரம் தேடினாலும் கைக்குச் சிக்காமல் நழுவுபவை உண்டு. கண்டெடுத்தவை மெழுகில் பதிக்கப்பட்டு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனத்துக்குச் சீவப்பட்டு, சாயம் ஏற்றப்பட்டு, நுண்நோக்கிக்கு வருகின்றன. முடிச்சு என்று எடுத்தது சில சமயம் வெறும் இரத்தக் குழாயாகவோ கொழுப்பு உருண்டையாகவோ முடிவதும் உண்டு.

இனி அந்த 12-க்கு வருவோம். 1990-இல் சிட்னியில் நடந்த உலக இரைப்பை குடல் மருத்துவ மாநாட்டையொட்டிக் கூடிய நிபுணர் குழு, முடிச்சுகளில் நோய் இல்லை என்று நம்பிச் சொல்ல 12-ஆவது பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பின்னர் அமெரிக்க வழிகாட்டுதல்களும் அதையே ஏற்றுக்கொண்டன. இன்று உலகெங்கும் அந்த அளவுகோல் புழங்குகிறது. 11 பார்த்தால் ஆபத்து, 13 பார்த்தால் பத்திரம் என்று உடலில் எந்தக் கோடும் இல்லை. ஒரு நியாயமான இடத்தில் போட்ட கோடு அது, அவ்வளவுதான்.

இருந்தாலும் கோடு எதற்கு என்பதைக் கணக்கால் காட்டலாம். எடுத்த துண்டில் உண்மையில் 30 முடிச்சுகள் இருப்பதாகவும், அவற்றில் 3-இல் நோய் இருப்பதாகவும், கைக்குக் கிடைத்ததை எந்த ஒழுங்கும் இன்றி எடுப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். 9 மட்டும் எடுத்தால், அந்த மூன்றில் ஒன்றுகூட அகப்படாமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 12 எடுத்தால் அது ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. 18 எடுத்தால் நூற்றுக்கு ஐந்து என்ற அளவுக்கு இறங்குகிறது. உண்மையில் முடிச்சுகள் இப்படிக் குலுக்கல் முறையில் எடுக்கப்படுவதில்லை. நோய் பெரும்பாலும் கட்டிக்கு அருகிலுள்ள முடிச்சுகளுக்குத்தான் முதலில் போகிறது, நாங்களும் அங்கேதான் முதலில் தேடுகிறோம். ஆகவே உங்கள் அண்ணன் விஷயத்தில் தவறிப்போகும் வாய்ப்பு இந்தக் கணக்கு காட்டுவதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் "என்0" என்று எழுதுவதற்கு 9 முடிச்சுகள் தரும் உறுதியும் 25 முடிச்சுகள் தரும் உறுதியும் ஒன்றல்ல என்று ஆன்காலஜி மருத்துவர் தயங்குவது இதனால்தான்.

அந்தத் தயக்கம் சிகிச்சையை மாற்றக்கூடியது. முடிச்சு எதிலும் நோய் இல்லாமல் (என்0) கட்டி குடல் சுவரின் தசையைத் தாண்டியிருந்தால் (உங்கள் அண்ணனின் டி3 அதுதான்) அது இரண்டாம் நிலை. ஒரு முடிச்சில் இருந்தாலும் மூன்றாம் நிலை. 1 முதல் 3 முடிச்சுகள் வரை என்1, 4-உம் அதற்கு மேலும் என்2. மூன்றாம் நிலைக்குக் கீமோவால் தெளிவான பயன் உண்டு என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. இரண்டாம் நிலையில் பயன் சிறியது. 3,239 நோயாளிகளைக் கொண்ட குவாசர் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அதில் பெரும்பாலோர் இரண்டாம் நிலையினர். ஃப்ளுரோயுராசில் அடிப்படையிலான கீமோ, ஐந்தாண்டுக்குள் இறப்பவர்களின் விகிதத்தை ஏறக்குறைய 3.6 சதவீதப் புள்ளிகள் குறைக்கும் என்று அது மதிப்பிட்டது. அதாவது கீமோ எடுத்துக்கொள்ளும் நூறு பேரில் மூன்று நான்கு பேருக்கு அதனால் உயிர் பிழைப்பு. மற்றவர்களுக்குத் தொல்லை மட்டும்.

இப்போது உங்கள் கோபத்துக்கு வருகிறேன். காசு இருந்தால் 31, இல்லாவிட்டால் 9 என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நாட்டில் அரசு மருத்துவமனைக்கும் தனியார் மருத்துவமனைக்கும் உள்ள இடைவெளி கண்ணால் காண்பது. வரிசையில் உட்கார்ந்து எழுந்தவருக்கு அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இந்த இரண்டு எண்களை வைத்து அந்த இடைவெளியை அளக்க முடியாது. உங்கள் சித்தப்பா மகனுக்கு அதே தனியார் மருத்துவமனையில் உங்கள் அண்ணனின் கட்டி வந்து, உங்கள் அண்ணனின் நிலையில் அறுவை நடந்திருந்தாலும் 31 வந்திருக்குமா என்பது சந்தேகம்.

முதலாவது, பக்கம். வலப்பக்கப் பெருங்குடலை எடுக்கும்போது சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் அதற்குரிய கொழுப்புத் திரையையும் சேர்த்து எடுக்கிறார்கள். அங்கே முடிச்சுகள் நெருக்கமாக இருக்கும். வலப்பக்க அறுவையில் இடப்பக்கத்தைவிடக் கூடுதல் முடிச்சுகள் கிடைப்பது ஆய்வுக்கு ஆய்வு திரும்பத் திரும்பக் காணப்படுவது. அடுத்தது வயது. வயது ஏற ஏற முடிச்சுகள் சுருங்கி, உட்பகுதி கொழுப்பாக மாறிவிடுவதால் விரலுக்குத் தட்டுப்படுவதில்லை. 44 வயதுக்காரரின் முடிச்சுகளோடு 63 வயதுக்காரரின் முடிச்சுகளை ஒப்பிட்டு ஒரு மருத்துவரைப் பாராட்டுவதும் மற்றவரைத் திட்டுவதும் நியாயமாகாது. உடல் பருமனைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அண்ணனுக்கு நடந்தது திட்டமிட்ட அறுவை அல்ல. குடல் அடைத்து, மேற்பகுதி காற்றும் மலமுமாக உப்பி, எந்த நேரத்திலும் கிழியலாம் என்ற நிலையில் இரவில் கத்தி எடுப்பவரின் முதல் கடமை நோயாளியை விடியும்வரை உயிரோடு வைத்திருப்பது. அந்த நேரத்தில் சர்க்கரை எகிறியிருக்கும், உடலில் நீர் வற்றியிருக்கும், மயக்கம் கொடுப்பவர் சீக்கிரம் முடியுங்கள் என்பார். கொழுப்புத் திரையின் வேர்வரை நிதானமாகப் போய் இரத்தக் குழாயைக் கட்டும் வேலைக்கு அங்கே எப்போதும் இடமிருப்பதில்லை. அவர்கள் குடலை மறுபடி இணைக்காமல் மலப்பை வைத்ததும் அதே எச்சரிக்கையால்தான். உங்கள் தம்பிக்கோ எல்லா ஸ்கேனும் எடுத்து, நாள் குறித்து, பகலில் நடந்திருக்கும்.

அதற்காக அறுவை செய்பவரின் கைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. முடிச்சுகள் இரத்தக் குழாயோடு கூடவே வரிசையாகப் போகின்றன. குடலை ஒட்டி ஒரு வரிசை, நடுவில் ஒரு வரிசை, குழாய் கிளம்பும் வேரில் ஒரு வரிசை. குழாயை வேரில் கட்டினால் மூன்று வரிசையும் துண்டோடு வரும், பாதியில் கட்டினால் கடைசி வரிசை உள்ளேயே தங்கிவிடும். ஜப்பானிய மருத்துவர்கள் வேர்வரை போவதை நெடுநாளாக ஒரு முறையாகவே வகுத்து வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் எர்லாங்கன் நகரில் ஹோஹன்பெர்கரும் அவர் குழுவினரும், கொழுப்புத் திரையை அதன் மேல்போர்வை கிழியாமல் முழுசாக உரித்தெடுக்கும் முறையைப் பற்றி 2009-இல் எழுதியபின் ஐரோப்பாவிலும் அதைப் பற்றிய பேச்சு வலுத்தது. அப்படி எடுத்த துண்டுகளில் முடிச்சுகள் கூடுதலாகக் கிடைப்பது உண்மை. அதனால் எல்லா நோயாளிக்கும் ஆயுள் கூடுகிறதா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. வயிற்றைப் பெரிதாகத் திறந்து செய்வதா, துளையிட்டுக் கேமரா வழியாகச் செய்வதா என்பது இதில் பெரிய காரணியல்ல. 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இரண்டு முறையிலும் நடு எண் 12-ஆகவே இருந்தது. அந்த நடு எண்ணை ஒரு நிமிடம் கவனியுங்கள். திட்டமிட்டு, தேர்ந்தவர்கள் செய்த அறுவைகளிலேயே ஏறக்குறையப் பாதிப் பேர் 12-ஐத் தாண்டவில்லை.

தேடிய கையின் பங்கைச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்குச் சலுகை காட்டியதாகிவிடும். ஒரே மருத்துவமனையில், ஒரே மருத்துவர் அனுப்பிய துண்டுகளில், தேடுபவர் மாறும்போது எண் மாறுகிறது. அன்றைக்கு மேசையில் எத்தனை வாளிகள் காத்திருந்தன, தேடியவர் பயிற்சி மருத்துவரா அனுபவசாலியா, முதல் தேடலில் 12 வராதபோது மறுநாள் மறுபடியும் தேடினாரா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. சாராயமும் அசிட்டோனும் போன்றவற்றில் ஊறவைத்துக் கொழுப்பைக் கரைத்தோ தெளிவாக்கியோ முடிச்சுகளைக் கண்ணுக்குத் தெரியச் செய்யும் முறை உண்டு. துண்டு வந்தவுடன் அதன் இரத்தக் குழாயில் மெத்திலீன் நீலச் சாயத்தைச் செலுத்தினால் முடிச்சுகள் நீலமாகத் தெரியும் முறையும் உண்டு. இரண்டும் எண்ணைக் கூட்டுகின்றன. எல்லா ஆய்வகத்திலும் எல்லாத் துண்டுக்கும் இவற்றைச் செய்ய நேரமும் ஆளும் இருப்பதில்லை.

ஆகவே இந்த வாரம் செய்ய வேண்டியது இது. அண்ணனின் ஆன்காலஜி மருத்துவரிடமோ அறுவை மருத்துவரிடமோ போய், மீதமுள்ள துண்டில் மறுபடியும் முடிச்சுகளைத் தேடும்படி ஆய்வகத்தைக் கேட்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனை என்பதால் துண்டு தேசிய சுகாதார ஆய்வகச் சேவையின் ஆய்வகத்துக்குப் போயிருக்கும். ரிப்போர்ட்டின் தலைப்பில் மாதிரி எண் அச்சிட்டிருக்கும், அதைக் கையோடு கொண்டுபோங்கள். குடும்பத்தார் நேரடியாகப் போய்க் கேட்பதைவிட மருத்துவர் தொலைபேசியில் கேட்பது வேலையை முடிக்கும். அவசரம் ஏன் என்றால், மெழுகில் பதித்த கட்டிகளை ஆய்வகங்கள் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும், ஆனால் ஃபார்மலினில் கிடக்கும் மீதித் துண்டை ரிப்போர்ட் வெளியான சில வாரங்களுக்குள் அப்புறப்படுத்திவிடுவார்கள். வாளி போய்விட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். இதைப் புகார் போலக் கேட்க வேண்டாம். 12-க்குக் குறைந்தால் மறுபடி தேடுவது எங்கள் தொழிலில் வழக்கமான காரியம், எவரும் கோபிக்க மாட்டார்கள்.

மறு தேடலில் இன்னும் ஐந்தாறு முடிச்சுகள் கிடைத்து, எதிலும் நோய் இல்லை என்றால், "என்0" என்ற சொல்லுக்கு வலு கூடும். ஒன்றில் நோய் இருந்தால் அண்ணன் மூன்றாம் நிலைக்கு வருவார், சிகிச்சையும் மாறும். இரண்டாம் நிலையில் கீமோ கொடுப்பதாக இருந்தால் பெரும்பாலும் கேபெசிட்டபின் மாத்திரை போன்ற ஒற்றை மருந்து போதும் என்பார்கள். மூன்றாம் நிலையில் ஆக்ஸாலிப்ளாட்டின் சேரும். அது கைகால் விரல்களில் மரத்துப்போதலைக் கொண்டுவரும் மருந்து. சர்க்கரையால் முன்பே பாதம் மரத்திருந்தால் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் அளவையும் காலத்தையும் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். 2018-இல் வெளியான பன்னாட்டுக் கூட்டாய்வுக்குப் பின், டி3 வரையிலும் முடிச்சுகள் மூன்று வரையிலும் உள்ளவர்களுக்கு, இரண்டு மருந்தும் சேர்ந்த சிகிச்சையை ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று மாதத்தில் முடிப்பது வழக்கமாகியிருக்கிறது. நரம்பைப் பொறுத்தவரை அது பெரிய ஆறுதல்.

முடிச்சு கிடைக்காமலே போனாலும் அல்லது எல்லாம் சுத்தம் என்று வந்தாலும் கீமோ பேச்சு தானாக முடிந்துவிடாது. அண்ணனுக்குக் குடல் அடைத்ததே, இரண்டாம் நிலையில் நோய் திரும்பி வரும் ஆபத்தைக் கூட்டும் அடையாளங்களில் ஒன்று. ஆன்காலஜி மருத்துவர் 12-ஐ மட்டும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அடைப்பையும் மனதில் வைத்துத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். ரிப்போர்ட்டில் இரத்தக் குழாய்க்குள் நோய் இறங்கியிருக்கிறதா, நரம்பைச் சுற்றிப் படர்ந்திருக்கிறதா, கட்டியின் செல்கள் எவ்வளவு முதிராத வகை, வெட்டிய விளிம்பு சுத்தமா என்று தனித்தனி வரிகள் இருக்கும். முடிச்சு எண் மட்டும் குடும்பத்தில் எல்லார் வாயிலும் அடிபடுகிறது. இந்த வரிகளையும் மருத்துவரோடு உட்கார்ந்து படித்துக் கேளுங்கள்.

எண்ணிக்கையின் மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை வைக்கவேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கூடுதல் முடிச்சுகள் பார்க்கப்பட்ட நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அதைப் படித்தவர்கள், நிறைய எடுத்தால் நிறைய ஆயுள் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, 12 அல்லது அதற்கு மேல் பார்க்கப்பட்டவர்கள் 1988–1990-இல் 34.6 சதவீதமாக இருந்து 2006–2008-இல் 73.6 சதவீதமாக ஏறினார்கள். முடிச்சில் நோய் உள்ளவர்கள் என்று கண்டறியப்பட்டோரின் விகிதமோ 40-லிருந்து 42 சதவீதத்துக்கு மட்டுமே நகர்ந்தது. தேடல் இரட்டிப்பாகியும் மறைந்திருந்த நோய் கூட்டமாக வெளிப்படவில்லை. அப்படியானால் எண் கூடியவர்கள் நன்றாக வாழ்வது ஏன்? ஒரு விளக்கம், கட்டியை உடல் எதிர்த்துப் போராடும்போது முடிச்சுகள் வீங்கிப் பெரிதாகின்றன, பெரிதானவை எளிதில் கைக்குக் கிடைக்கின்றன என்பது. அப்போது நல்ல எண் நல்ல எதிர்ப்பின் அடையாளமே தவிர, ஆயுளுக்குக் காரணம் அல்ல. எனக்கு இந்த விளக்கத்தில் நம்பிக்கை உண்டு. நுண்நோக்கியில் அத்தகைய முடிச்சுகளை அடிக்கடி பார்க்கிறேன்.

உங்கள் தம்பியின் 31-ஐ நான் சும்மா விட்டுவிட முடியாமல் இருப்பதும் இதனால்தான். 44 வயது, வலப்பக்கக் கட்டி, ஏராளமான முடிச்சுகள். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பத்தாலஜிஸ்டின் மனம் ஒரு திசைக்குப் போகும். செல் பிரியும்போது மரபுப் பொருளில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் சில கட்டிகளில் காணாமல் போயிருக்கும். அத்தகைய கட்டிகள் வலப்பக்கத்தில் அதிகம் வரும், உடலின் எதிர்ப்பைக் கடுமையாகத் தூண்டும், முடிச்சுகளும் நிறையக் கிடைக்கும். முதியவர்களில் இது பெரும்பாலும் கட்டிக்குள் மட்டும் நேர்வது. 50 வயதுக்கு முன் வந்தால், பிறப்பிலேயே கிடைத்த லிஞ்ச் நோய்க்குறி என்ற பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். இது வெள்ளைக்காரர் நாட்டு விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம்; நம் நாட்டில் வடக்குக் கேப் பகுதியில் ஒரே மரபணுப் பிழையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கும் குடும்பங்களைப் பல பத்தாண்டுகளாகக் கண்காணித்து வருகிறார்கள்.

ஆகவே இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என்ற நான்கு புரதங்களைப் பற்றிய வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மெழுகுக் கட்டியிலிருந்தே அதைச் செய்யலாம். புதிதாக எதையும் வெட்ட வேண்டியதில்லை. அண்ணனுக்கு இந்தச் சோதனை வேறொரு வகையிலும் தேவை. இரண்டாம் நிலையில் அந்தப் புரதங்கள் இல்லாத கட்டியாக இருந்தால், ஃப்ளுரோயுராசில் வகை ஒற்றை மருந்தால் பயன் கிடைப்பதில்லை. ஆனால் நோய் திரும்பும் ஆபத்தும் பொதுவாகக் குறைவு. கீமோ வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியில் அந்த 9-ஐவிட இந்த ஒரு வரி கனமாக நிற்கக்கூடும். சித்தப்பா மகனுக்கும் அண்ணனுக்கும் ஒரே பரம்பரைக் காரணம் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரையும் பருமனும் உள்ள 63 வயதுக்காரருக்கு இடப்பக்கக் கட்டி வருவது வெறுமனே நேர்வதும் உண்டு. ஆனால் ஒரே வீட்டில் அப்பா வழியில் இரண்டு பேருக்கு வந்திருக்கிறது என்ற செய்தி, உங்கள் கடிதத்தில் குறையாகச் சொல்லப்பட்டிருக்கிறதே ஒழிய, அண்ணனின் மருத்துவரிடம் யாராவது சொன்னதாகத் தெரியவில்லை. அதைச் சொல்லுங்கள். அப்பா, சித்தப்பா, அத்தை, தாத்தா வழியில் யாருக்காவது குடல், கருப்பை, சூலகப் புற்றுநோய் வந்ததா, எந்த வயதில் வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "வயிற்றுக் கட்டி" என்று மட்டும் சொல்லிப் போன தலைமுறை அது, கேட்டால்தான் வெளிவரும்.

கால அளவைப் பற்றி ஒரு வார்த்தை. கீமோ கொடுப்பதாக முடிவானால், அறுவைக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. அதற்குமேல் தாமதமானால் பயன் தேய்ந்துகொண்டே போகும். அண்ணனுக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது. மறு தேடலுக்கும் புரதச் சோதனைக்கும் இதற்குள் நேரமிருக்கிறது. ஆனால் இதைச் செய்து முடித்துவிட்டு ஆன்காலஜி மருத்துவரைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். அவருடைய தேதியை இன்றைக்கே வாங்கிவிட்டு, மற்றவை பக்கத்தில் நடக்கட்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் வயிற்றுக் காயம் ஆறுவதும் அந்தத் தேதியைத் தள்ளிப்போகாமல் காக்கும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லாத ஒன்று. குடல் அடைத்திருந்ததால் அறுவைக்கு முன் கொலோனோஸ்கோபிக் குழாய் அடைப்பைத் தாண்டிப் போயிருக்க முடியாது. அதற்கு அப்பால் உள்ள பெருங்குடலை இதுவரை யாரும் உள்ளிருந்து பார்க்கவில்லை. சிலருக்கு அங்கே இரண்டாவது கட்டியோ, பெரிய பாலிப்போ (குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி) இருப்பதுண்டு. அறுவை நடந்த மூன்று முதல் ஆறு மாதத்துக்குள், மலப்பையின் வாய் வழியாகவும் கீழே ஆசனவாய் வழியாகவும் குழாய் விட்டு முழுவதையும் பார்த்தாக வேண்டும். அரசு மருத்துவமனை வரிசை நீளம் என்பதால் அதற்கான பெயரையும் இப்போதே பதிந்துவிடச் சொல்லுங்கள்.